பாவனைக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எந்தத் திசையில் வளைய வேண்டும், பெருமழை நாளில் அணையின் மதகுகளை எந்த நேரத்தில் திறக்க வேண்டும், கரையை நோக்கி வரும் புயலுக்கு முன்னால் எந்தெந்தக் கிராமங்களைக் காலி செய்ய வேண்டும் என்பன போன்ற விஷயங்களில் தீர்மானம் செய்யும் அதிகாரிகளின் மேசைக்கு இக்காலத்தில் முதலில் வந்து சேருவது, பொறியாளர்கள் சிமுலேஷன் என்று வழங்கும் கணினிப் பாவனையின் முடிவறிக்கைதான். அறிக்கையின் கடைசிப் பக்கத்து எண்ணைப் பற்றிச் சட்டசபையில் கேள்வி எழுகிறது. பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதம் நடக்கிறது. ஆனால் அந்த எண்ணைப் பெறுவதற்காகக் கணினி தனக்குள்ளேயே சிருஷ்டித்து, இயக்கி, அழித்துவிட்ட லட்சக்கணக்கான கற்பனைப் பொருள்களின் சரித்திரம் எங்கே, எந்த உருவில் வைக்கப்பட்டிருக்கிறது என்று எவரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை. விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எப்படி விசாரிப்பது என்பதற்கு, ஒரு காலத்தில் இத்தகைய காரியங்களுக்கெல்லாம் சர்வரோக நிவாரணியாகக் கருதப்பட்டுப் பின்பு அநேகமாக மறக்கப்பட்ட பொருள்நோக்குத் தரவுத்தளத்தின் கதை நல்ல வழிகாட்டி.

அந்தக் கதை நார்வேயில் தொடங்குகிறது. கிரிஸ்டன் நைகார்ட் என்னும் கணித வல்லுநர், அந்நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களின் இறுதியில் பணியில் சேர்ந்து, நார்வேயின் முதல் அணு உலைக்காக நியூட்ரான்களின் போக்கைச் சம்பவ சாத்தியங்களைக் கொண்டு கணிக்கும் மாண்டி கார்லோ முறையில் ஈடுபட்டவர். பின்னர் ஆஸ்லோவிலுள்ள நார்வேக் கணிப்பு மையத்தில் அவரும் ஓலே-யோஹான் டாலும் சேர்ந்து, வரிசையில் நிற்கும் மனிதர்களையும், துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பல்களையும், தொழிற்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும் யந்திரங்களையும் கணினிக்குள் நடமாடவிடுவதற்கென்றே ஒரு மொழியை உருவாக்கினார்கள். அதன் பெயரே சிமுலா. 1967-இல் அது அடைந்த வடிவத்தில்தான், ஒரு பொருளின் குணங்களையும் செயல்களையும் ஒருங்கே கட்டி வைக்கும் ‘வகுப்பு’ என்ற கருத்தும், ஒரு வகுப்பு இன்னொன்றின் குணங்களை மரபுரிமையாகப் பெறும் யுக்தியும் முதன்முதலாக முழுமை பெற்றன. இன்று வங்கிச் செயலி முதல் கைப்பேசி விளையாட்டு வரை எங்கும் பரவியிருக்கும் பொருள்நோக்கு நிரலாக்கம் பாவனைக்காகப் பிறந்த பிள்ளை என்பதை, அதைத் தினந்தோறும் கையாளும் இளைஞர்களில் பலர் அறியார். நைகார்டுக்கும் டாலுக்கும் கணினித் துறையின் 2001-ஆம் ஆண்டு டூரிங் விருது கிடைத்தது. மறு ஆண்டிலேயே, சில வார இடைவெளியில், இருவரும் காலமானார்கள்.

பொருள்களைப் படைக்கும் வழி இவ்வாறு கிடைத்துவிட்டது. மின்சாரம் நின்றபின்னும் அவை அழியாதிருக்கச் செய்யும் வழியோ வேறொரு திக்கிலிருந்து வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையின் விளைவாக, உலகத்துத் தகவல்களையெல்லாம் வரிசையும் பத்தியுமாக அட்டவணைகளில் அடுக்கி, ஓர் அட்டவணையை இன்னொன்றுடன் பொருத்தி விடை காணும் முறை வேரூன்றிற்று. சம்பளப் பட்டியலுக்கும், ரயில் முன்பதிவுக்கும், வங்கிக் கணக்குக்கும் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இன்றுவரை இல்லை. ஆனால் பாவனையின் இயல்பு வேறு. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் சென்று பார்த்தால்தான் அட்டவணை எங்கே திணறுகிறது என்பது விளங்கும்.

அதிக ஆற்றல் கொண்ட ஓர் எலெக்ட்ரான் ஈயப் பாளத்துக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். அணுக்கருக்களின் அருகே செல்லும்போது அது ஒரு ஃபோட்டானை உமிழ்கிறது. அந்த ஃபோட்டான் ஓர் எலெக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் பிரிகிறது. அவை தத்தம் பங்குக்கு மேலும் ஃபோட்டான்களை உமிழ்கின்றன. இப்படியே ஏறக்குறைய அரை சென்டிமீட்டருக்கு ஒரு தரம் என்னும் கணக்கில் குடும்பம் இரட்டித்துக்கொண்டே போய், ஆற்றல் தீரும் வரையில் ஆயிரக்கணக்கான துகள்களின் மழையாகப் பொழிகிறது. இத்தகைய மழையைக் கணினியில் பெய்விக்கும் ஜியாண்ட்4 என்னும் மென்பொருளில் ஒவ்வொரு துகளுக்கும் ஓர் எண் உண்டு, அதன் தாய்த் துகளின் எண்ணும் உடன் உண்டு. முதன்முதல் நுழைந்த துகளுக்கு மாத்திரம் தாயின் எண் பூஜ்யம். பாளத்தின் அடியில் ஒரு மூலையில் தென்பட்ட மின்துடிப்புக்குக் காரணம் எது என்று கேட்டால், மகளிலிருந்து தாய்க்கும், தாயிலிருந்து பாட்டிக்கும் ஏறிச் சென்றுதான் பதில் சொல்ல முடியும். அட்டவணை முறையிலோ ஒவ்வொரு தலைமுறை ஏறுவதற்கும் அட்டவணையை அதனுடனேயே மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். இதை ஒருமுறை செய்வது எளிது, கோடிக்கணக்கான நிகழ்ச்சிகளுக்குச் செய்வது பிராண சங்கடம்.

நிலம் வாங்கப் போகிறவர் வில்லங்கம் பார்ப்பதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். கையிலிருக்கும் கிரயப் பத்திரத்திலேயே அதன் தாய்ப்பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரே அந்தப் புத்தகத்தை எடுத்தால், அதற்கும் முந்தைய பத்திரத்தின் எண் அங்கே இருக்கிறது. பொருள்நோக்குத் தரவுத்தளம் செய்ததும் ஏறக்குறைய இதுதான்: நினைவகத்தில் ஒரு பொருள் எந்த உருவத்தில், யார் யாருடன் சம்பந்தப்பட்டு நின்றதோ அதே உருவத்தில், அதே சம்பந்தங்களோடு அதை வட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைக் கொடுத்துவிடுவது. 1980-களிலும் 1990-களின் தொடக்கத்திலும் ஜெம்ஸ்டோன், ஆப்ஜெக்ட்ஸ்டோர், ஆப்ஜெக்டிவிட்டி, பிரான்ஸில் ஓ2 என்று பல தயாரிப்புகள் கிளம்பின. 1989-இல் இத்துறையின் அறிஞர் அறுவர் சேர்ந்து, இத்தகைய தரவுத்தளத்துக்கு இன்னின்ன லட்சணங்கள் வேண்டும் என்று ஒரு பிரகடனமே வெளியிட்டார்கள். இயந்திர வரைபடங்களைக் கையாளும் பொறியாளர்கள் இவற்றை விரும்பி வரவேற்றது இயல்பே. என்றாலும் இந்தக் கருத்துக்கு ஏற்பட்ட மெய்யான அக்கினிப் பரீட்சையைத் துகள் பௌதிகத்தில்தான் காண வேண்டும்.

ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடம் பெரிய ஹேட்ரான் மோதுவிப்பானைக் கட்டுவதற்கு 1994-ஆம் ஆண்டின் இறுதியில் ஒப்புதல் பெற்றது. அதன் கருவிகள் கக்கப்போகும் தகவல்களையும், அவற்றோடு ஒப்பிடுவதற்காகக் கணினியில் படைக்கப்போகும் பாவனை மோதல்களையும் எங்கே வைப்பது என்று ஆராய மறு ஆண்டே ஆர்டி45 என்ற குழு அமைக்கப்பட்டது. மோதல்களைப் பாவிக்கும் ஜியாண்ட்4 அப்போதுதான் பழைய ஃபோர்ட்ரான் உடையைக் களைந்து பொருள்நோக்கு வடிவில் புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது; அது 1998 டிசம்பரில் வெளிவந்தது. பாவனையே பொருள்களால் ஆனது என்றால் களஞ்சியமும் அப்படியே இருக்கட்டும் என்று அக்குழுவினர் ஆப்ஜெக்டிவிட்டி என்னும் வணிகத் தயாரிப்பைத் தேர்ந்தார்கள். இதே தயாரிப்பைக் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் நேர்கோட்டு முடுக்கி மையத்தில் இயங்கிய பாபார் பரிசோதனையும் மேற்கொண்டது. குழந்தைகள் கதையில் வரும் யானையின் பெயரைத் தாங்கிய அந்தப் பரிசோதனை 1999-இல் தகவல் திரட்டத் தொடங்கிற்று. ஜியாண்ட்4-ஐ முழு அளவில் கையாண்ட முதல் பெரிய பரிசோதனையும் அதுவே. மெய் மோதல்களும் பாவனை மோதல்களும் அருகருகே குவிந்து, 2002 ஏப்ரலில் அதன் தரவுத்தளம் 500 டெராபைட்டை எட்டியபோது, உலகிலேயே பெரிய தரவுத்தளம் என்று அது அறிவிக்கப்பட்டது.

அந்தப் புகழ் நீடிக்கவில்லை. அதன் காரணங்கள் நுட்பமானவை, வேடிக்கையானவையும்கூட. ஆப்ஜெக்டிவிட்டியில் ஒரு பொருளின் அடையாள எண் 64 இலக்க இரும எண். அது நான்கு சம பாகங்களாகப் பிரிந்து, எந்தக் கோப்பு, அதில் எந்தப் பெட்டி, எந்தப் பக்கம், எந்த இடம் என்று காட்டும். பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். ஆனால் கோப்புக்கு ஒதுக்கிய பாகம் 16 இலக்கமே ஆகையால், ஒரு தரவுத்தளக் கூட்டமைப்பில் 65,536 கோப்புகளுக்கு மேல் இருக்க முடியாது. அமைத்தவர்களுக்கு எட்டாத உயரமாகத் தோன்றிய அந்தக் கூரை, டெராபைட்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தபோது தலையில் இடித்தது. அடுத்து, ஒரே பொருளை இருவர் ஒரே சமயத்தில் திருத்திவிடக் கூடாதே என்று தரவுத்தளம் போடும் பூட்டுகள். வங்கிக்கு உயிர்நாடியான அந்தக் காவல், நூற்றுக்கணக்கான கணினிகள் இடைவிடாமல் எழுதும் இடத்தில் வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கும் காவலாளியாக மாறிற்று. இத்தனைக்கும், நடந்து முடிந்த மோதலை எவரும் திருத்தப்போவதில்லை! ஒருமுறை எழுதிப் பலமுறை படிப்பதே விஞ்ஞானியின் வழக்கம்.

மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் சுவையானது. பொருளை முழுமையாகக் காப்பதே இம்முறையின் தர்மம்; ஆய்வாளனோ பெரும்பாலான வேளைகளில் முழுப் பொருளையும் கேட்பதில்லை. பத்துக் கோடி மோதல்களிலும் மியூவான் என்னும் துகளின் உந்தம் என்ற ஒற்றைக் குணத்தை மட்டும் வரிசையாகக் கேட்கிறான். செர்னில் ரெனே புருன்னும் ஃபான்ஸ் ராடமேக்கர்ஸும் 1995-வாக்கில் தொடங்கிய ரூட் என்ற மென்பொருள் இந்த நடைமுறையைக் கண்டுகொண்டது. எழுதுகிறவன் கண்ணுக்குப் பொருளாகவே தோன்றும்படி வைத்து, வட்டில் மாத்திரம் அதன் ஒவ்வொரு குணத்தையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்து அடுக்கியது. அதோடு, கோப்புக்குள் இருக்கும் பொருள்களின் அமைப்பு விவரத்தை அந்தக் கோப்பிலேயே சேர்த்து எழுதி வைத்தது. பாபார் ரூட்டுக்கு மாறிற்று. செர்னில் காம்பஸ் பரிசோதனையின் ஏறத்தாழ 300 டெராபைட் தகவலை 2003 வாக்கில் ஆப்ஜெக்டிவிட்டியிலிருந்து பெயர்த்தெடுத்து வேறிடத்தில் குடியேற்ற வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த அளவுக்கு இத்தயாரிப்புகளுக்குச் சந்தை விரியாததால், பல பத்து ஆண்டுகள் நடக்க வேண்டிய ஒரு பரிசோதனையின் ஞாபகத்தை ஒரு கம்பெனியின் ஆயுளோடு முடிச்சுப் போடுவது விவேகமா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

இதைக் கண்டு, பொருள்நோக்குத் தரவுத்தளம் ஒரு காலத்து நாகரிகப் பித்து, ஒழிந்தது நல்லதே என்று பேசுவோர் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. பாவனையில் உண்டானதை அதன் சம்பந்தங்கள் அறுபடாமல் காக்க வேண்டும் என்ற மூலக் கருத்து தோற்கவில்லை. தாயின் எண்ணைத் தாங்கிய துகள் இன்றும் ரூட் கோப்புகளில் அப்படியே இருக்கிறது. தோற்றது, அந்தக் கருத்தைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துச் சாவியை விற்பனையாளரிடம் கொடுத்துவிட்ட ஏற்பாடுதான்.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு, சாமர்த்தியமானது. தற்செயல் எண்களின் தொடக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் அதே பாவனையை அட்சரம் பிசகாமல் மறுபடி நடத்திவிடலாமே, இத்தனை டெராபைட்டுகளைச் சுமப்பானேன் என்று கேட்கிறார்கள். மென்பொருளின் பதிப்பு மாறாமல், அதை மொழிபெயர்க்கும் கம்பைலர் மாறாமல், தசமக் கணக்கை முடிக்கும் கணிப்பொறியின் பழக்கம் மாறாமல் இருந்தால் அது உண்மை. பத்தாண்டுகளில் இம்மூன்றும் மாறிவிடுகின்றன. கடைசித் தசம ஸ்தானத்தில் தோன்றும் ஒரு வேறுபாடு, துகள் மழையின் நாலாம் தலைமுறைக்குள் முற்றிலும் வேறொரு குடும்பத்தைப் பிறப்பித்துவிடுகிறது. சராசரி முடிவு மாறாமல் இருக்கலாம். ஆனால், எந்தக் குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் காட்டி ஒருவர் ஒரு முடிவுக்கு வந்தாரோ அந்த நிகழ்ச்சி திரும்ப வராது.

இது எங்கோ ஜெனிவாவில் நடக்கும் காரியம் என்று தள்ளிவிட வேண்டாம். தேனி மாவட்டத்துப் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து அமைப்பதாகத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கான இரும்புக் கருவி, 5.6 சென்டிமீட்டர் கனமுள்ள தகடுகள் சுமார் 150 அடுக்காக, மொத்தம் 50,000 டன் எடையில் வடிவமைக்கப்பட்டது. அதில் ஒரு தகடும் மலைக்குள் போகவில்லை. ஆனால் ஜியாண்ட்4-இன் உதவியால் கணினிக்குள் அக்கருவி முழுமையாக நின்று, எண்ணற்ற நியூட்ரினோக்களை வரவேற்று, தன் திறமை இவ்வளவு என்று விஸ்தாரமான ஆய்வறிக்கைகளில் சாட்சி சொல்லியிருக்கிறது. திட்டம் வேண்டுமென்பாரும் வேண்டாமென்பாரும் உண்டு. அந்த வழக்கில் நான் இப்போது புகவில்லை. கட்டப்படாத ஒன்றுக்கு இருக்கும் பிரத்தியட்ச ஆதாரம் அதன் பாவனைப் பதிவு ஒன்றே என்பதை மட்டும் இரு தரப்பாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே பொதுப் பணத்தில் பாவனை செய்யக் கொடுக்கும் ஒப்பந்தம் எதுவாயினும், அணைக்காயினும், துறைமுகத்துக்காயினும், நகரின் வெள்ள வடிகாலுக்காயினும், அதில் முடிவறிக்கையோடு வேறு சிலவற்றையும் ஒப்படைக்கும்படி நிபந்தனை விதிக்க வேண்டும்: பாவிக்கப்பட்ட பொருள்களின் வகுப்பு விவரம், அவற்றினிடையே நிலவிய சம்பந்தங்கள், தொடக்க எண், பயன்பட்ட மென்பொருளின் பதிப்பு, இவையாவும் எந்தக் கம்பெனியின் உரிமமும் இல்லாமல் எவரும் திறந்து படிக்கக் கூடிய கோப்பு வடிவில். வட்டுக்கு ஆகும் செலவைச் சொல்லி மறுப்பவர்களுக்கு நான் சம்மதிக்கும் சலுகை ஒன்று உண்டு: எல்லாத் துகளையும் எல்லாத் துளியையும் காக்க வேண்டியதில்லை. துகள் பௌதிகத்திலேயே குறிப்பிட்ட ஆற்றலுக்குக் கீழ்ப்பட்ட துகள்களின் வரலாற்றைப் பதியாமல் விட்டுவிடுகிறார்கள். எந்த எல்லைக்குக் கீழ் விடப்பட்டது என்பதை மட்டும், விட்டவரே கையொப்பமிட்டு, அந்தப் பதிவோடு சேர்த்து எழுதி வைக்கட்டும்.