கறந்த சூட்டில் பால்மானி

கும்பகோணம் டிகிரி காபிக்குப் பெயர் வந்ததற்குச் சொல்லும் கதைகளில் ஒன்று, பால்மானியில் டிகிரி பார்த்து வாங்கிய பாலில் போட்ட காபி என்பது. கதை நிஜமோ இல்லையோ, அந்த டிகிரி எங்கள் டெல்டாவில் இன்றைக்கும் பல வீடுகளில் உலை வைப்பதைத் தீர்மானிக்கிறது. நிலமில்லாதவர்களுக்கு மாடுதான் வயல். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷங்களில் குறுவை கைவிட்டுப் போகும். பால் பணம்தான் மிச்சம்.

பால்மானி விலையைத் தீர்மானிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை எப்போது பாலில் விடுகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போதுதான் கறந்த பாலை நுரை பொங்க ஜாடியில் ஊற்றுவார்கள். நுரை அடங்குமுன் மானியை விட்டு, "26. தண்ணி" என்று உரக்கச் சொல்வார்கள். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அந்த ஒரு சொல், எதிரே நிற்கும் பெண்ணைத் திருடி என்று சொல்வதற்குச் சமம்.

மடியிலிருந்து வரும்போது பாலின் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ். நம் ஊர்ப் பால்மானிகள் பெரும்பாலும் 27 டிகிரிக்கு அளவு குறித்தவை (சில பழைய மானிகள் 60 பாரன்ஹீட் கணக்கு). சூடான பால் லேசாக இருக்கும், மானி ஆழமாக இறங்கும், எண் குறையும். ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.2. பால் 33-ல் இருந்தாலே 1.2 போயிற்று. போதாததற்குக் காற்று. கறக்கும்போது கலந்த காற்று வெளியேறி, கொழுப்பு கொஞ்சம் இறுகினால்தான் பால் தன் அசல் கனத்துக்கு வரும். 19-ம் நூற்றாண்டிலேயே ரெக்நாகல் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டு சொல்லிவிட்டார். இரண்டும் சேர்ந்தால், 28 காட்டவேண்டிய சுத்தமான பால் 26 காட்டும்.

இரண்டு டிகிரி சும்மாவா? பத்து சதவீதம் தண்ணீர் ஊற்றினாலே சுமார் 3 டிகிரிதான் இறங்கும். விலைக் கணக்கில் மானியின் எண்ணை நாலால் வகுத்து, அதோடு கொழுப்பின் பங்கைச் சேர்த்துத்தான் இதரச் சத்தைப் பிடிக்கிறார்கள். ஆக, அரை சதவீதச் சத்து காகிதத்திலேயே காணாமல் போகிறது.

நிஜத் திருடனோ தப்பித்துவிடுவான். ஆடையை எடுத்தால் பால் கனத்து எண் ஏறும். அப்புறம் தண்ணீர் ஊற்றி எண்ணைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடலாம். கொழுப்புச் சோதனையையும் சேர்த்துப் பார்க்காமல் மானியை மட்டும் நம்பி யாரையும் பிடிக்கவும் கூடாது, விடவும் கூடாது.

வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடம் இருப்பதும் இதே வகை மானிதான். பொழுதுபோக்குக்குச் செய்கிற அவர்களே மாதிரியை ஆறவைத்து, வாயுவை வெளியேற்றிவிட்டுத்தான் எண் பார்க்கிறார்கள்.

"வண்டி வந்துடும் சார், யார் காத்திருக்கிறது?" என்பார்கள். சரி, எல்லாப் பாலுக்கும் காத்திருக்க வேண்டாம். ஜாடியின் ஓரமாக நுரைக்காமல் ஊற்றுங்கள். தெர்மாமீட்டரை விட்டு, சூட்டுக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்; ஒரு நிமிஷ வேலை. எண் குறைந்த பாலை மட்டும் தனியே எடுத்துவைத்து, அரைமணி கழித்து, உரியவர் முன்னால் மறுபடி பாருங்கள். அப்போதும் சந்தேகமென்றால் தொழுவத்துக்கே போய், கண்ணெதிரே கறக்கச் சொல்லி, அந்தப் பாலையும் இதே மாதிரி ஆறவைத்துப் பாருங்கள். அதுவரை நோட்டில் "தண்ணீர்" என்று எழுதாதீர்கள்.