கண்கள் எட்டு, காட்சி ஒன்றே!

ஒரு நிகழ்ச்சியை மெய்ப்பிப்பதற்குக் குறித்த தொகைச் சாட்சிகள் தேவையில்லை என்று எமது நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் தன் 134ஆம் பிரிவில் விதிக்கின்றது. சாட்சிகளை எண்ணுவது நீதியன்று, எடைபோடுவதே நீதி. இவ்வுண்மையை மறந்த கதை எங்ஙனம் சறுக்கி விழும் என்பதற்கு, 2008இல் வெளிவந்த 'வான்டேஜ் பாயின்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் தக்க சான்றாகும். வட்டவளையிலும் அட்டனிலும் எம் இளைஞர் இத்தகைய படங்களைக் கைத்தொலைபேசியிலேயே கண்டு களிக்கும் இக்காலத்தில், அதனை ஆராய்தல் வீண்வேலையன்று.

கதை நிகழுமிடம் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரச் சதுக்கம். பயங்கரவாதத்தை ஒழிக்கக் கூடிய மாநாட்டில் அமெரிக்க ஜனாதிபதி மேடையேறுகின்றார். துப்பாக்கி வெடிக்கின்றது, அவர் சாய்கின்றார், குண்டும் வெடிக்கின்றது. உடனே கடிகாரம் நண்பகலுக்குத் திரும்புகின்றது. அதே கதை வேறொருவர் கண்வழியே மீண்டும் தொடங்குகின்றது. எட்டுப் பேர், எட்டுப் பார்வை, உண்மை ஒன்று என்று விளம்பரம் முழங்கிற்று. பீட் டிராவிஸ் இயக்கினார். டென்னிஸ் குவைட், பாரஸ்ட் விட்டேக்கர் போன்ற தேர்ந்த நடிகரும் இருந்தனர். இருந்தும் பயன் என்ன?

எண்மரில் எவர் கூற்றும் மற்றவர் கூற்றை மறுக்கவில்லை என்பதே முதற்குறை. ஒவ்வொருவரும் உடைந்த சட்டியின் ஓர் ஓட்டைக் கொண்டுவந்து வைக்கின்றனர். ஓடுகள் பொருந்தியதும் கதை முடிகின்றது. முரண்பாடு இல்லாதவிடத்து எடைபோடுவதற்கு என்ன இருக்கின்றது?

இரண்டாவது குறை இதனினும் பெரிது. காவல் அதிகாரி தொலைக்காட்சிப் பதிவொன்றைப் பார்த்துத் திடுக்கிடுகின்றார். அவர் கண்டதை எமக்குக் காட்டாது மறைத்துவிட்டுக் கடிகாரத்தைத் திருப்புகின்றனர். கையிலுள்ள சான்றை ஒரு தரப்பு ஒளித்தால், அது அத்தரப்புக்கே பாதகமானதென நீதிமன்றம் ஊகிக்கலாம். நாமும் அவ்வாறே ஊகிப்போம்: சொல்வதற்குச் சரக்கில்லாதவரே மறைத்து வைத்து வியாபாரம் செய்வர். இறுதியில் பார்வைகள் யாவும் கைவிடப்பட்டு, மோட்டார் வண்டிகள் ஒன்றையொன்று துரத்துவதே மிஞ்சுகின்றது.

எமது மொழியிலோ, இதற்கு அரைநூற்றாண்டின் முன்பே, 1954இல், வீணை எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தை அளித்தார். கொலையுண்டவனைப்பற்றி விசாரிக்கப்படுவோர் ஒவ்வொருவரும் பிறர்மீது ஐயத்தைத் திருப்புகின்றனர். திருப்பும்போதே தம் மனத்தையும் காட்டிவிடுகின்றனர். முடிவில் எஞ்சுவது, கணவனா, நாடா என்ற கேள்வி. பாட்டில்லாத அப்படம் அன்று வசூலில் வெல்லவில்லை. எனினும் இன்றும் பேசப்படுகின்றது. அமெரிக்கப் படத்திடம் பணம் இருந்தது; கேள்வி இல்லை.

அப்படத்தின் முடிவையும் கவனியுங்கள். பெருஞ்சதியை நாம் கண்டோம். தொலைக்காட்சியோ, தனியொரு கொலையாளி சுடப்பட்டான் என்று உலகுக்கு அறிவிக்கின்றது. கண்டது ஒன்று, பதிவாவது வேறொன்று! கதை தொடங்கவேண்டிய இடம் இதுவன்றோ? அங்கேதான் திரையை மூடுகின்றனர்.

பதிவேட்டில் ஏறுவது யாருடைய பார்வை என்னும் இக்கேள்வி மலையகத்திற்குப் புதியதன்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். பின்னர் அமைந்த விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். துரைமாரின் பார்வைக்கும் பொலிசாரின் பார்வைக்கும் எக்காலத்திலும் ஏடு உண்டு. தொழிலாளியின் பார்வைக்கோ, அதை எடுத்துரைக்கவும் எதிர்த்தரப்பைக் குறுக்கு விசாரணை செய்யவும் ஒருவர் எழுந்து நிற்கவேண்டியிருந்தது.

இன்றும் பொலிஸ் நிலையத்தில் தமிழிற் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காமலே கையொப்பம் வாங்கப்படும் கொடுமை தீர்ந்தபாடில்லை. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் 16ஆம் திருத்தம் நிருவாகத்தில் அதன் உரிமையை விரித்துரைத்தது. சட்டம் ஏட்டில் உறங்குமாயின் அதை எழுப்புவது எமது கடமை.

ஆகவே, தோட்டந்தோறும் படித்த இளைஞர் முன்வரல் வேண்டும். முறைப்பாடு கொடுக்கச் செல்லும் தாய்மாருடன் துணையாகச் செல்லுங்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத எழுத்தின்கீழ்க் கைநாட்டு வைக்கவேண்டாம் என்று எடுத்துரையுங்கள். எட்டுக் கண் கொண்டு ஒரே காட்சியைக் காட்டுவது சினிமாவின் குற்றம். அதனால் நட்டம் நுழைவுச்சீட்டின் விலை மட்டுமே. ஒரு தொழிலாளியின் கண் கண்டதை ஏட்டில் ஏறவிடாமற் செய்தாலோ, நட்டப்படுவது அவருடைய வாழ்வு.