வேலைக்கு உத்தரவாதம் எங்கே?

படித்த வாலிபர்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் பாரத்தைச் சர்க்கார் தனியே சுமக்க முடியாது. முதலாளிகளும் தர்ம ஸ்தாபனங்களும் தோள் கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. பேச்சில் பிழையில்லை. தோள் கொடுப்பவர் எவ்வளவு பாரம் தாங்குகிறார் என்பதே நமது கேள்வி.

இந்தக் கூட்டு புதிதன்று. 2008-ம் வருஷத்தில் தேசியத் திறன் அபிவிருத்திக் கார்ப்பரேஷனை அமைத்தபோதே 51 சத விகிதம் பங்கு தனியாருக்கும் 49 சத விகிதம் சர்க்காருக்கும் என்று ஏற்பாடாயிற்று. பெரிய கம்பெனிகள் தங்களுடைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாயைச் சமூக நலத்துக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் விதித்தது. இதில் ஒரு பகுதி தர்ம ஸ்தாபனங்களின் கை வழியே தொழிற்பயிற்சிக்குப் போகிறது. தையலும் கம்ப்யூட்டரும் கற்பிக்கிறார்கள், அத்தாட்சிப் பத்திரம் வழங்குகிறார்கள், போட்டோவும் எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கொடுத்த கம்பெனி அவர்களில் எத்தனை பேருக்குத் தன் கதவைத் திறந்தது என்று வருஷ அறிக்கையில் தேடிப் பாருங்கள்!

2024 ஜூலையில் வெளியான பட்ஜெட் இதைவிடப் பெரிய யோசனையைக் கூறிற்று. ஐந்து வருஷங்களில் ஒரு கோடி வாலிபர்களுக்கு, 500 பெரிய கம்பெனிகளில், தலைக்குப் பன்னிரண்டு மாத அநுபவம். அக்டோபரில் வெள்ளோட்டம் ஆரம்பமாயிற்று. முதல் சுற்றில் 82,000-க்கு மேற்பட்ட அழைப்புகள் போயின. சுமார் 28,000 பேர் சம்மதித்தார்கள். வந்து சேர்ந்தவர்கள் 9,000 பேர்கூட இல்லை.

நமது வாலிபர்கள் சோம்பேறிகள் என்று சொல்லச் சில கனவான்கள் எப்பொழுதும் தயார். கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். அறிவித்தபடி மாத உபகாரச் சம்பளம் 5,000 ரூபாய். அதில் சர்க்காரின் பங்கு 4,500. கம்பெனியின் பங்கு 500. அந்த 500-ம் மேற்சொன்ன சமூக நலப் பணத்திலிருந்தே வரும். சேரும்பொழுது ஒரே தடவை 6,000 ரூபாய். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து ஒரு பையன் சென்னைக்கு வந்து, அறை வாடகை கொடுத்து, மூன்று வேளை சாப்பிட்டு, பஸ்ஸில் போய்வர இது போதுமா? வீட்டிலிருந்து பணம் வருகிறவனுக்குத்தான் போதும். அவனுக்காகவா இந்தத் திட்டம்?

பன்னிரண்டு மாதம் கழிந்தபின் அவனை வேலையில் வைத்துக்கொள்ளும் கடமை கம்பெனிக்குக் கிடையாது. ஐந்நூறு ரூபாயைத் தர்மக் கணக்கில் எழுதிவிட்டு, ஒரு வாலிபனுடைய ஒரு வருஷத்து உழைப்பைப் பெறுகிறார்கள். இங்கே யார் யாருக்குத் தர்மம் செய்கிறார்கள்?

தேவையில்லாத ஆளைக் கட்டாயமாக வைத்துக்கொள்ளும்படி நாம் கூறவில்லை. கம்பெனி தர்மசத்திரமன்று. ஆனால் ஆள் தேவையென்று விளம்பரம் செய்யும் அதே கம்பெனி, தன் பணத்தில் பழகியவனை வாசலிலேயே நிறுத்துவதற்குச் சமாதானம் சொல்லியாக வேண்டும். பழகியவர்களில் இத்தனை பேரை எடுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். தர்ம ஸ்தாபனங்கள் அத்தாட்சிப் பத்திரம் அச்சிடுவதை விட்டு, தொழிற்சாலைகளுக்கு அருகே வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதிகள் நடத்த முன்வரட்டும். அந்த இரண்டு ரூபாய்க்கு அதைவிட நல்ல செலவு நமக்குத் தோன்றவில்லை. பயிற்சி முடிந்து ஒரு வருஷத்துக்குப் பின் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள், எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைக் கம்பெனிவாரியாகச் சர்க்கார் வெளியிட வேண்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இந்தக் கணக்கைப் பெயர் சொல்லிக் கேட்பார்களா?