கத்தரிக்காய் மீது விழும் பழி

மூன்று மாதக் குழந்தையின் இரு கன்னங்களும் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியிருக்கின்றன. அரிப்புத் தாளாமல் இரவெல்லாம் முகத்தைத் துணியில் தேய்த்து அழுகிறது. கரப்பான் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் வீட்டுப் பெரியவர்கள் அறிந்துகொள்கிறார்கள். உடனே விசாரணை தொடங்குகிறது. "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கத்தரிக்காயும் வேர்க்கடலையும் தின்றாயே, சொன்னால் கேட்டாயா?" பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறாத மருமகள் பதில் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள்.

கத்தரிக்காயைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவது நம் வீடுகளின் பழைய வழக்கம். ஆனால் கருவுற்றவள் அதை உண்டதால்தான் குழந்தைக்குக் கரப்பான் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. பால், முட்டை போன்ற ஒவ்வாமைப் பொருள்களைக் கர்ப்ப காலத்தில் தாய்மார்கள் விலக்கிப் பார்த்த ஆய்வுகள் மேல்நாடுகளில் உண்டு. அதனால் குழந்தைகளுக்குக் கரப்பான் குறையவில்லை. தாயின் எடைதான் சற்றுக் குறைவாக ஏறியது.

முதற்காரணம் பெரும்பாலும் பரம்பரை. 'ஃபிலாக்ரின்' என்னும் புரதத்துக்கான மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு இந்நோய் எளிதில் வருவதை, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006-இல் கண்டறிந்தனர். தோலின் மேற்படலத்தைக் கட்டுக்கோப்பாக வைப்பது அப்புரதம். அது குறைந்தால் தோலின் ஈரம் வெளியேறும். எரிச்சலூட்டும் பொருள்கள் உட்புகும். இக்குறை தாய் வழியிலும் வரலாம், தந்தை வழியிலும் வரலாம். மார்கழிப் பனியில் தாத்தாவுக்கு வரும் இழுப்பும், அத்தையின் ஓயாத தும்மலும் அந்த விசாரணையில் எவர் நினைவுக்கும் வருவதில்லை!

தாயின் உடல்நலத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கர்ப்பிணிகள் சிலருக்கு 14-ஆவது வாரம் முதல் பிரசவம் வரை நாள்தோறும் 1,000 அலகு வைட்டமின் டி கொடுத்தனர். அவர்களுடைய குழந்தைகளிடம் முதல் ஆண்டு நிறைவில் கரப்பான் குறைவாகவே காணப்பட்டதாக 2022-இல் முடிவு வெளியாயிற்று. ஒரு மாதத்துக்கு மேல் தாய்ப்பால் பெற்றவர்களிடம் இப்பயன் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு, நான்கு வயதுகளில் வேறுபாடு அவ்வளவாக இல்லை. ஆகவே அது ஓரளவு துணையே தவிர, முழுக்காப்பு அன்று. வெயில் கொட்டும் நம் நாட்டிலும் கர்ப்பிணிகள் பலருக்கு இச்சத்துக் குறைவாக இருப்பது வியப்புத்தான்.

இன்னொன்று மனம். கர்ப்ப காலத்தில் தாய் மிகுந்த மனவேதனைக்கு ஆளானால் குழந்தைக்குக் கரப்பான் வரும் வாய்ப்புக் கூடுவதாக ஆய்வுகள் பல கூறுகின்றன. அடுத்த பிள்ளையைச் சுமக்கும்போது பழைய பழியையும் சேர்த்துச் சுமப்பவளின் நிலை என்ன?

மறுமுறை கருவுறும்போது வைட்டமின் டி எவ்வளவு தேவை என்பதை மகப்பேறு மருத்துவர் சொல்வார். இப்போது குழந்தையை வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, ஈரம் முற்றும் உலருமுன் மருத்துவர் தந்த களிம்பைத் தடவவேண்டும். இரவில் அழும் குழந்தையைச் சிறிது நேரம் பாட்டி தோளில் போட்டுக்கொண்டால், அவள் இரண்டு மணி நேரமாவது உறங்குவாள்.