கீழே விழாத விமானம்

"இரவு பதினொரு மணியாகியும் மகன் விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். இதனால் வரும் பயன் யாது?" என்று எமது மாணவனொருவனின் தந்தையார் அண்மையில் எம்மிடம் முறையிட்டார். அவன் பறப்பது கணினித் திரையில். உயர்தரப் பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. தீர்ப்புக் கூறுமுன், ஒரு மாலைப் பொழுது அவனருகே அமர்ந்து அவ்விளையாட்டை நாமும் கண்டோம்.

அவன் தெரிந்தெடுத்தது ஹொங்கொங்கின் பழைய கைடாக் விமான நிலையம். அது 1998-ஆம் ஆண்டிலே மூடப்பட்டுவிட்டது. எனினும் திரையில் அதன் ஓடுபாதை இன்றும் விமானங்களை வரவேற்கின்றது. மாடி வீடுகளுக்கு மேலே தாழப் பறந்து, கட்டங்கள் தீட்டப்பெற்ற குன்றை எதிரே கண்டதும் வலப்புறம் திரும்பி இறங்க வேண்டும். குறுக்கே வீசும் காற்றுக்கு ஈடாக விமானத்தின் மூக்கை எத்தனை பாகை திருப்ப வேண்டுமென்பதை அவன் மனக்கணக்காகவே கூறினான். இணைந்த கணித வகுப்பிலே காவிகள் என்றதும் சோர்ந்துபோகும் பையன் இவன்தானோ என வியந்தோம்.

இத்துறையிலே விளையாட்டும் பயிற்சியும் உடன்பிறந்தவை. 1929-இல் அமெரிக்கரான எட்வின் லிங்க், தம் தந்தையாரின் ஓர்கன் வாத்தியத் தொழிற்சாலையிலே, காற்றுத் துருத்திகளைக் கொண்டு தரையில் நின்றவாறே சாய்ந்து திரும்பும் ஒரு சிறு விமானத்தை அமைத்தார். முதலில் அது கேளிக்கைப் பூங்காக்களிலேயே விலைபோயிற்று. 1934-இல் தபால் சுமந்து சென்ற அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் சீரற்ற காலநிலையில் மாண்ட பின்னரே இராணுவம் அக்கருவியை வாங்கியது. முகிலுக்குள் புகுந்தவனை அவனது உட்செவி ஏமாற்றிவிடும். சாய்ந்து செல்கையிலும் நேரே செல்வதாகத் தோன்றும். உடலுணர்வை நம்பாது மானிகளை நம்பப் பழக்கியதே அக்கருவியின் பெருந்தொண்டு.

வீட்டுக் கணினியின் குறையும் இங்கேதான் பிறக்கின்றது. நாற்காலி அசைவதில்லை, வயிறு கலங்குவதில்லை. திரையின் முன் பழகியவன், மெய்யான விமானத்தில் ஏறிய பின்பும், தெளிந்த வானில் வெளியே நோக்காது மானிகளையே பார்த்துக்கொண்டிருப்பான் என்பது பயிற்றுநர் கூறும் குறை.

இதனினும் பெரிய குறையொன்றை அன்று நேரிற் கண்டோம். திரும்புவதற்குச் சற்றுத் தாமதித்தமையால் விமானம் குன்றில் மோதியது. பையன் சிரித்தான், ஒரு பொத்தானை அழுத்தினான், விமானம் பழுதின்றி மீண்டும் வானில் நின்றது. பின்னால் அமர்ந்திருப்பதாகப் பாவித்த பயணிகளை அவன் ஒரு கணமும் எண்ணினானல்லன். மீண்டும் மோதினான், மீண்டும் பொத்தான். இவ்வாறே இரவு பதினொரு மணியாகின்றது.

விளையாட்டைப் பறித்துவிடுமாறு நாம் கூறவில்லை. காவிகளை உவப்புடன் கற்பித்த ஆசானை வீட்டைவிட்டுத் துரத்துவது அறிவுடைமையாகாது. வாரத்தில் ஒரு நாள், ஒரே பறப்பு; மோதினால் அன்றைய பறப்பு முடிந்தது; அப்பொத்தானைத் தொடலாகாது என்று விதித்தோம். பையனின் முகம் வாடியது.

அடுத்த வாரம் தந்தையார் மீண்டும் வந்தார். சனிக்கிழமை மகன் காற்றின் வேகத்தை இருமுறை கணக்கிட்டானாம். திரும்புவதற்குப் பிந்திவிட்டது என்று கண்டதும், இறங்க முயலாது மேலெழுந்து, சுற்றி வந்து இறங்கினானாம். விமானிக்கு வேண்டிய முதற்குணம் அதுவேயன்றோ?