அச்சில் வார்த்த இதயமும் செலவுக் கணக்கும்

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு இதயத்தில் பிறவிக் குறைபாடு இருக்கிறது. அவற்றுள் பல எளியவை. சில, அனுபவம் மிக்க அறுவை மருத்துவரையே தயங்க வைப்பவை. மகாதமனியும் நுரையீரல் தமனியும் வலது கீழறையிலிருந்தே கிளம்பும் குறைபாடு அத்தகையது. கீழறைகளுக்கு இடையிலுள்ள துளை எங்கே அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அறுவை முறை முடிவாகும்.

இப்போது சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு அக்குழந்தையின் இதய மாதிரியை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் உருவாக்க முடிகிறது. அதைக் கையில் ஏந்தி, திறந்து பார்த்து மருத்துவர்கள் திட்டமிடுகிறார்கள். 10 மையங்கள் பங்கேற்று 2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், சிக்கலான குறைபாடுடைய 40 பேரில் 19 பேருக்கு அறுவைத் திட்டம் மாதிரியைக் கண்டபின் திருத்தப்பட்டது. மீதி 21 பேருக்கு மாற்றமில்லை. இரண்டு எண்களுமே முக்கியமானவை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என் கேள்வி ஒன்றுதான்: இச்செலவை ஏற்பது யார்? அச்சுப் பொருளைவிட, படங்களிலிருந்து இதயத்தின் சுவர்களைப் பிரித்தெடுக்கும் வல்லுநரின் உழைப்பே இதில் பெரிது. அமெரிக்காவில் 2019 ஜூலை முதல் இத்தகைய மாதிரிகளுக்குத் தற்காலிகக் கட்டணக் குறியீடுகள் நடைமுறைக்கு வந்தன. ஆயினும், காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தந்தே தீர வேண்டும் என்னும் கட்டாயத்தை அவை விதிக்கவில்லை.

நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புகிறது. பொதுக் காப்பீட்டிலோ அறுவைக்குத் தொகுப்புக் கட்டணமே வழங்கப்படுகிறது. அதற்குள் மாதிரியும் அடங்கிவிடுமானால் செலவு மருத்துவமனைக்கு, பயன் குழந்தைக்கு என்றாகும். மருத்துவமனை தயங்குவது இயல்பே. ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக் கட்டணம் என்றாலோ, தேவையற்றவர்களுக்கும் அச்சிடும் ஆசை பிறக்கும்.

இரண்டுக்கும் இடையே வழி உண்டு. மாநிலத்துக்கு ஒரு பொது ஆய்வகம் போதும். நோயாளி பயணிக்க வேண்டியதில்லை; படக்கோப்பு பயணித்தால் போதும். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கூடிப் பேசியும் ஐயம் தீராத நிலையில் மட்டும், அரசின் செலவில் மாதிரி அச்சிடப்படட்டும். அதனால் திட்டம் மாறியதா, குழந்தை எப்படித் தேறியது என்பது பதிவாகட்டும்.

தகப்பனின் வருமானத்தைப் பார்த்து இதயம் சிக்கலாவதில்லை. மாதிரி யாருக்கு என்பதையும் மருத்துவத் தேவையே தீர்மானிக்க வேண்டும்.