மானியத்தை நம்பி கார் வாங்கலாமா? ஜெர்மனி சொல்லும் பதில்



"மானியம் இருக்கும்போதே எலெக்ட்ரிக் கார் வாங்கிடலாமா?" சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கு. இதுக்கு ஜெர்மனியில நடந்ததைப் பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும்.

2023 டிசம்பர் 16, சனிக்கிழமை. எலெக்ட்ரிக் கார் மானியத்துக்கு மறுநாளோட விண்ணப்பம் முடியுதுன்னு ஜெர்மனி அரசு அறிவிச்சது. ஒரே ஒரு நாள் அவகாசம்! அப்போ 40,000 யூரோ வரை அடிப்படை விலை உள்ள காருக்கு அரசு பங்கு மட்டும் 4,500 யூரோ. காரைப் பதிவு செஞ்ச பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். அதனால புக் பண்ணிட்டு டெலிவரிக்குக் காத்திருந்தவங்க கதி என்ன? சில கம்பெனிகள் அந்தத் தொகையைத் தாங்களே ஏத்துக்கிட்டாங்க. ஆனா அது அவங்க தயவு, வாங்கினவங்களோட உரிமை இல்ல.

காரணம் என்னன்னா, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, காலநிலை நிதிக்கு மாற்றின 6,000 கோடி யூரோ செல்லாதுன்னு அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. பட்ஜெட்ல ஓட்டை விழுந்ததும் முதல்ல வெட்டப்பட்டதுல மானியமும் ஒண்ணு. 2023-ல சுமார் 5.24 லட்சமா இருந்த புது எலெக்ட்ரிக் கார் பதிவு, 2024-ல சுமார் 3.8 லட்சமா குறைஞ்சது.

என் கருத்து இதுதான்: குடும்பத்தோட பணத்தை நீண்ட காலத்துக்குக் காப்பாத்துறது மானியம் இல்ல, ஊர் போடுற திட்டம். அது தலைப்புச் செய்தியா வராது. ஆனா மாசா மாசம் பில்லுல தெரியும்.

ஃப்ரைபர்க் நகரத்துல ஃபௌபான்னு ஒரு குடியிருப்பு. முன்னாடி பிரெஞ்சு ராணுவ முகாமா இருந்த இடம். அங்க பெரும்பாலான தெருக்கள்ல வீட்டோட பார்க்கிங் சேர்ந்து வராது. கார் வெச்சிருக்கிறவங்க, ஓரத்துல இருக்கிற பல மாடி பார்க்கிங்ல தனியா பணம் கொடுத்து இடம் வாங்கணும். கார் இல்லாதவங்க எழுதிக் கொடுத்துட்டா அந்தப் பெரிய செலவு இல்ல. டிராம் பக்கத்துலயே வருது. வீடுகளும் ஹீட்டிங் குறைவா தேவைப்படுற மாதிரி கட்டினவை. ஆக கார், பார்க்கிங், ஹீட்டிங்னு மூணு செலவுமே இறங்குது.

இன்னொரு உதாரணம், வெப்பத் திட்டம். 2024 ஜனவரி 1-ல அமலுக்கு வந்த சட்டப்படி, 1 லட்சத்துக்கு மேல மக்கள் இருக்கிற நகரங்களுக்கு 2026 ஜூன் 30, சின்ன ஊர்களுக்கு 2028 ஜூன் 30 கெடு. எந்தப் பகுதிக்குப் பொது நிலையத்துல இருந்து குழாய் வழியா வெந்நீர் வரும், எங்க வீட்டுக்கு வீடு ஹீட் பம்ப் சரிப்படும்னு அந்தத் திட்டம் காட்டணும். பழைய கேஸ் பாய்லரை மாத்த நினைக்கிறவங்களுக்கு, ஆயிரக்கணக்கான யூரோ செலவு பண்றதுக்கு முன்னாடி இது தெரியறது எவ்வளவு பெரிய விஷயம்!

"திட்டம் கையில காசு கொடுக்காதே"ன்னு கேட்கலாம். நியாயம்தான். குறைஞ்ச வருமானக் குடும்பத்துக்கு மானியம் இல்லாம முதல் அடி வைக்கவே முடியாது. நான் மானியமே வேண்டாம்னு சொல்லல. முடியற தேதியை முன்கூட்டியே சொல்லிட்டுக் கொடுங்கன்னுதான் சொல்றேன்.

நமக்கு மூணு பாடம்:

1. மானியத்தைக் கழிக்காத விலையில கணக்கு போடுங்க. அப்பவும் பட்ஜெட்ல அடங்கினா வாங்குங்க.

2. எங்க சார்ஜ் பண்ணப் போறீங்க? வீட்டுல பண்றதும் பொது சார்ஜர்ல பண்றதும் ஒரே செலவு இல்ல. ஜெர்மனியில 2020 டிசம்பர்ல இருந்து, வாடகைக்கு இருக்கிறவங்களும் சொந்தச் செலவுல சார்ஜிங் வசதி வைக்க ஓனர்கிட்ட அனுமதி கேட்கலாம்னு சட்டமே இருக்கு.

3. வேலைக்காக ஜெர்மனி போறீங்களா? வாடகையை மட்டும் பார்க்காதீங்க. வீட்டோட எரிசக்திச் சான்றிதழைக் கேளுங்க. ஏ பிளஸ்ல இருந்து ஹெச் வரை தரம் இருக்கும். ஹெச்னா, வாடகையில மிச்சம் பிடிச்சதைக் குளிர்கால ஹீட்டிங் பில் சாப்பிட்டுடும்.

மானியம் தீபாவளி போனஸ் மாதிரி. வந்தா சந்தோஷம். ஆனா போனஸை நம்பி யாராவது இஎம்ஐ போடுவோமா? உங்க கருத்தை கமெண்ட்ல சொல்லுங்க.